முதியோருக்காகப் பேசும் அரசு அலுவலர்

சென்ற கோடையில், நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிட நாம் சென்றிருந்தோம். அப்போது எழுபது வயதைக் கடந்த அங்கத்தினர் ஒருவர் நம்மிடம் வந்து, தமது பங்குத் தொகையைத் திரும்பப் பெற வழியுண்டா என்று வினவினார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் குழித்தறியில் அமர்ந்து நெய்தவர் அவர். கண்பார்வை மங்கிய பின் சில காலம் தார் சுற்றிக் கொடுத்து வந்தார். வீட்டையும் தறிக்கூடத்தையும் மகன் பெயருக்குச் செட்டில்மெண்டு எழுதிப் பதிவு செய்து கொடுத்துவிட்டார். இப்போது தமக்கு மருந்து வாங்கவும் கையில் காசில்லை என்றும், திண்ணையில் படுத்துறங்குவதாகவும் தாழ்ந்த குரலில் கூறினார்.

பெற்றோரைப் பராமரிப்பதற்கென்று சட்டம் இருக்கின்றதே, மனுச் செய்யலாகாதா என்று கேட்டோம். அவர் இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்டார். "பெற்ற பிள்ளைமேல் பிராது கொடுப்பதா, ஐயா?" என்பது முதற் கேள்வி. "அப்படியே கொடுத்தாலும், அதிகாரிகள் முன்னால் எனக்காக யார் பேசுவார்கள்?" என்பது இரண்டாவது.

முதற் கேள்வி மனத்தைச் சார்ந்தது. அதனை இறுதியில் கவனிப்போம். இரண்டாவது கேள்விக்குச் சட்டத்திலேயே விடை இருக்கின்றது. முதியோருக்காகப் பேசுவதற்கென்றே அரசு ஓர் அலுவலரை நியமித்துள்ளது. அந்தச் செய்தி நம் அங்கத்தினர்களுள் மிகச் சிலருக்கே தெரிந்திருக்கின்றது. ஆதலின் அவ்வலுவலர் யாவர், அவர் என்ன செய்வார், அவரை நாடுவது எவ்வாறு என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

சட்டம் வந்த வழி

வயது முதிர்ந்த பெற்றோரைக் காப்பது பிள்ளைகளின் கடமை என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக ஒப்புக்கொள்ளப்பட்ட நெறி. 1956 ஆம் ஆண்டின் இந்து தத்தெடுத்தல் மற்றும் பராமரிப்புச் சட்டம் அதனைச் சட்டக் கடமையாகவும் ஆக்கிற்று. 1973 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைத் தொகுப்பில் 125 ஆம் பிரிவு, தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத தாய் தந்தையர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஜீவனாம்சம் கோர இடமளித்தது. 2024 ஜூலை முதல் அத்தொகுப்பிற்குப் பதிலாக நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 144 ஆம் பிரிவிலும் அவ்வுரிமை தொடர்கின்றது.

எனினும் நீதிமன்றம் செல்வதென்றால் வக்கீல் வேண்டும், செலவு வேண்டும், பல வாய்தாக்களுக்கு நடக்க உடலில் வலிமையும் வேண்டும். இம்மூன்றும் இல்லாத முதியோருக்கு எளிய வழி ஒன்று தேவை என்னும் நோக்கத்துடன், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007 ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தால் இயற்றப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் 29 ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2009 ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்றன.

இச்சட்டத்தின்படி 60 வயது நிரம்பிய இந்தியக் குடிமக்கள் யாவரும் மூத்த குடிமக்கள் ஆவர். தாய் தந்தையர்க்கோ இவ்வயது வரம்பும் இல்லை. அறுபது நிரம்பாதவராயினும், தம் சம்பாத்தியத்தாலோ சொத்தாலோ பிழைக்க இயலாத பெற்றோர் மனுச் செய்யலாம். வளர்ப்புப் பெற்றோரும் மாற்றாந்தாயும் இதில் அடங்குவர். கடமைப்பட்டவர்கள் மகன்கள் மட்டுமல்லர். மகள்களும், வயது வந்த பேரன் பேத்தியரும் ஆவர். பிள்ளையில்லாத முதியவராயின், அவருடைய சொத்தைக் கைக்கொண்டிருக்கும் அல்லது பின்னர் அடையவிருக்கும் வாரிசுகளைக் கேட்கலாம். பராமரிப்பு என்னும் சொல்லில் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகிய நான்கும் அடங்கும்.

மூவர் பணி

இச்சட்டத்தின்கீழ் மூவகைப் பணிகள் உள்ளன. அவற்றை அங்கத்தினர்கள் வேறுபடுத்தி அறிந்துகொள்ளுதல் நலம்.

முதலாவது, தீர்ப்பளிக்கும் பணி. ஒவ்வொரு வருவாய்க் கோட்டத்திலும் பராமரிப்புத் தீர்ப்பாயம் உண்டு. தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் அதன் தலைவர். மாதம் இவ்வளவு தொகை கொடுக்க வேண்டுமென்று ஆணையிடுபவர் அவரே.

இரண்டாவது, சமரசம் செய்யும் பணி. மனுவை விசாரிக்குமுன் தீர்ப்பாயம் அதனைச் சமரச அலுவலரிடம் அனுப்பலாம். அவர் இரு தரப்பாரையும் அழைத்துப் பேசி, இணக்கமான முடிவுக்குக் கொணர முயன்று, ஒரு மாதத்திற்குள் தம் முடிவைத் தெரிவித்தல் வேண்டும். இணக்கம் ஏற்படின் அதுவே ஆணையாகின்றது.

மூன்றாவது, முதியோர் பக்கம் நின்று பேசும் பணி. இதனைச் செய்பவர் பராமரிப்பு அலுவலர். சட்டத்தின் 18 ஆம் பிரிவு, மாவட்டச் சமூக நல அலுவலரையோ அவருக்குக் குறையாத பதவியிலுள்ள ஒருவரையோ மாநில அரசு இப்பணிக்குக் குறித்தல் வேண்டும் என்கின்றது. தமிழ்நாட்டில் மாவட்டச் சமூக நல அலுவலரே பராமரிப்பு அலுவலர். தீர்ப்பாயத்தின் முன்பும், மேல்முறையீட்டின் போதும் இவர் பெற்றோருக்காகத் தோன்றி வழக்கை எடுத்துரைப்பார். இவர் வக்கீல் அல்லர்; ஆதலின் வக்கீல் கட்டணம் என்னும் பேச்சே இல்லை. இவருடைய ஊதியம் அரசு தருவது.

இச்சட்டத்தின் 17 ஆம் பிரிவு, தீர்ப்பாயத்தில் எத்தரப்பாரும் வக்கீல் வைத்தல் ஆகாது என்று கூறுகின்றது. செல்வமுள்ள பிள்ளை பெரிய வக்கீலை வைத்துக்கொண்டு ஏழைத் தந்தையை எதிர்த்து நிற்றல் கூடாது என்பதே அதன் கருத்து. எனினும் அப்பிரிவு, வழக்கறிஞர் சட்டத்தின் 30 ஆம் பிரிவோடு பொருந்தாது எனக் கேரள உயர்நீதிமன்றம் 2021 இல் தீர்ப்பளித்துள்ளது. எதிர்த்தரப்பில் வக்கீல் வரக்கூடும் என்னும் நிலை தோன்றுமிடத்து, முதியவர் பக்கத்தில் அரசு அலுவலர் நிற்பது முன்னைவிட இன்றியமையாததாகின்றது.

"விரும்பினால்" என்னும் சொல்

18 ஆம் பிரிவில் ஒரு சிறு சொல் இருக்கின்றது. அங்கத்தினர்கள் அதனை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். பராமரிப்பு அலுவலர், பெற்றோர் விரும்பினால், அவர் சார்பில் தோன்றுவார் என்றே சட்டம் சொல்லுகின்றது. அதாவது, முதியவர் கேட்டால்தான் அவர் வருவார். எந்த வீட்டில் எந்தத் தாய் பசித்திருக்கின்றாள் என்பதை அலுவலகத்திலிருந்தவாறே அவர் அறிய முடியாது. ஒரு மாவட்டம் முழுமைக்கும் அவர் ஒருவர். அவருடைய தலையில் வேறு பல திட்டங்களின் பொறுப்பும் உண்டு.

2011 ஆம் ஆண்டின் மக்கட்தொகைக் கணக்குப்படி நம் நாட்டில் 60 வயது நிரம்பியவர்கள் 10 கோடியே 38 இலட்சம் பேர். இன்றைய எண்ணிக்கை அதனினும் மிகுதி. இத்தனை பேருள் எத்தனை பேருக்கு இவ்வலுவலரின் பெயரோ பதவியோ தெரியும்? கேட்டறியாத உரிமை பெட்டியிற் பூட்டிய காசு போன்றது. மனுவிலேயே, "பராமரிப்பு அலுவலர் என் சார்பில் தோன்ற வேண்டுகிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் விருப்பம் தெரிவித்ததாகும். பிற்பாடு வாய்மொழியாகக் கேட்பதைவிட இது உறுதியானது.

மனுச் செய்யும் முறை

முதியவர் தாம் வசிக்கும் இடத்திலோ, கடைசியாக வசித்த இடத்திலோ, பிள்ளைகள் வசிக்கும் இடத்திலோ உள்ள தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். தாமே செய்ய இயலாதவராயின், தாம் அதிகாரமளிக்கும் வேறொருவரைக் கொண்டோ, பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தைக் கொண்டோ செய்யலாம். செய்தி அறிந்த தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொள்ளவும் சட்டம் இடமளிக்கின்றது.

மனுவில் பெயர், வயது, முகவரி ஆகியவற்றோடு, பிள்ளைகள் அனைவருடைய பெயரும் முகவரியும், ஒவ்வொருவரும் செய்யும் தொழிலும், தமக்கு மாதந்தோறும் உணவிற்கு எவ்வளவு, மருந்திற்கு எவ்வளவு வேண்டும் என்னும் கணக்கும் தெளிவாக இருத்தல் நன்று. வயதிற்கான சான்று, குடும்ப அட்டை, மருத்துவச் சீட்டுகள், சொத்து எழுதிக் கொடுத்திருப்பின் அப்பத்திரத்தின் நகல் ஆகியவற்றை உடன் வைத்தல் வேண்டும். பல பிள்ளைகள் இருக்கையில் ஒருவர் மீது மட்டும் மனுச் செய்தால், அவர் மற்றவர்களையும் சேர்க்குமாறு கோரலாம்.

பிள்ளைகளுக்கு அறிவிப்புச் சேர்ந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மனு முடிக்கப்படல் வேண்டும். தக்க காரணமிருப்பின் மேலும் 30 நாட்கள் ஒரு முறை நீட்டலாம். அதுவரை பட்டினி கிடக்க வேண்டியதில்லை. விசாரணை நடைபெறுங்கால் இடைக்காலத் தொகை வழங்குமாறும் தீர்ப்பாயம் ஆணையிடலாம். ஆணையிடப்படும் தொகை மாதம் ரூ. 10,000 க்கு மேற்படலாகாது. ஆணை பிறந்த 30 நாட்களுக்குள் பிள்ளைகள் தொகையைச் செலுத்த வேண்டும். தக்க காரணமின்றிச் செலுத்தாதவர் மீது வாரண்டு பிறப்பித்து வசூலிக்கலாம். அதன் பின்னும் பாக்கி நின்றால் ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. ஆனால் தவணை தவறிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முதியவர் இதனைத் தெரிவித்தல் வேண்டும். நாள் கடந்தால் இவ்வழி அடைபடும். இந்த மூன்று மாதக் கணக்கைச் சங்கத்துத் தவணைக் கணக்கைப் போல நினைவில் வைத்திருத்தல் அவசியம்.

ஆணையில் மனநிறைவில்லையெனில் பெற்றோர் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்; அதனை விசாரிப்பவர் மாவட்ட ஆட்சியர். அங்கும் பராமரிப்பு அலுவலரின் உதவியைக் கோரலாம்.

எழுதிக் கொடுத்த சொத்து

நெசவாளர்க்கும் விவசாயிக்கும் மிகுந்த கவலை தருவது சொத்தைப் பற்றிய விஷயமே. தறிக்கூடமோ, இரண்டு ஏக்கர் புன்செயோ, கிணற்றில் ஒரு பங்கோ, எதுவாயினும் "எப்படியும் பிள்ளைக்குத்தானே" என்று உயிரோடிருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுகின்றோம். உயில் எழுதினால் அதனை வாழ்நாளில் எப்போதும் மாற்றிக்கொள்ளலாம். செட்டில்மெண்டோ தானப் பத்திரமோ பதிவானவுடன் சொத்து கைமாறிவிடுகின்றது.

சட்டத்தின் 23 ஆம் பிரிவு இதற்கு ஒரு பரிகாரம் கூறுகின்றது. சட்டம் நடைமுறைக்கு வந்த பின், தம் அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்னும் நிபந்தனையோடு மூத்த குடிமகன் ஒருவர் சொத்தைக் கொடுத்து, பெற்றவர் கவனிக்கத் தவறினால், அப்பத்திரம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ எழுதப்பட்டதாகக் கருதப்படும். கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதனைச் செல்லாதென்று அறிவிக்கலாம்.

இங்கு "நிபந்தனையோடு" என்னும் சொல்லே கவனிக்கத்தக்கது. நிபந்தனை இருந்தது என்பதைக் காட்டினால் அன்றி இப்பரிகாரம் கிட்டாது என்று உச்சநீதிமன்றம் 2022 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 2 ஆம் நாள் அதே நீதிமன்றம், மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரு தாயின் வழக்கில், இச்சட்டத்தை முதியோருக்கு நன்மை பயக்கும் வகையிலேயே பொருள் கொள்ள வேண்டும் என்று கூறி, மகனுக்கு எழுதிய தானத்தை ரத்துச் செய்து, வீட்டின் அனுபவத்தையும் தாய்க்குத் திருப்பித் தருமாறு ஆணையிட்டது. அவ்வழக்கில் தாயைக் கடைசிவரை காப்பதாக மகன் எழுதிக் கொடுத்த உறுதிமொழிப் பத்திரம் ஒன்று தாய்க்குத் துணை நின்றது.

ஆகவே எழுதிக் கொடுப்பதாயின், "எம் ஆயுள்வரை உணவு, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றை அளித்துக் காத்தல் வேண்டும்; தவறினால் இப்பத்திரம் ரத்தாகும்" என்னும் கருத்துப்பட ஒரு வாசகத்தைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுதல் வேண்டும். ஆயுட்கால அனுபவ உரிமையைத் தம்மிடமே நிறுத்திக்கொள்வதும் நன்று. பிள்ளைமேல் நம்பிக்கையின்மையால் இதனைச் செய்வதாக எவரும் கருதலாகாது. சங்கத்தில் கடன் வாங்கும் அங்கத்தினர் யாவரும் பத்திரம் எழுதிக் கையொப்பமிடுகின்றனர். அதனால் அவர்களுடைய நாணயத்திற்குக் குறைவு வந்துவிட்டதாக நாம் எண்ணுவதில்லையே!

நிபந்தனையின்றி எழுதிக் கொடுத்தவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. பத்திரத்தை ரத்துச் செய்வது வேறு. பராமரிப்புத் தொகை கேட்பது வேறு. முன்னது கடினமாயினும் பின்னது எப்போதும் உண்டு. இவ்வேறுபாட்டை எடுத்துக் கூறி, எவ்வழியிற் செல்லலாம் என்று காட்டுவதும் பராமரிப்பு அலுவலரிடம் நாம் எதிர்பார்க்கத்தக்க உதவியாகும்.

அவரால் இயன்றதும் இயலாததும்

கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2013 ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றி, 2014 முதல் முதியோருக்கென ஒரு பரிந்துரையாளரை அரசு அமர்த்தியிருக்கின்றது. முதியோர் இல்லங்கள், வீட்டுப் பராமரிப்பு, போக்குவரத்து, உறைவிடம், வருமானம் முதலியவற்றில் முதியோர் அனைவர்க்கும் பொதுவான குறைகளை ஆராய்ந்து, அறிக்கை வெளியிட்டு, அரசுக்கு எடுத்துரைப்பது அவர் வேலை. தனிமனிதர் ஒருவருக்காக விசாரணை மன்றத்தில் தோன்றி வாதாடுதல் அவர் பணியன்று. நம் பராமரிப்பு அலுவலரின் பணி இதற்கு மறுதலையானது. அவர் நாடு முழுவதற்குமாகப் பேசுவதில்லை. ஒரு முதியவரின் பக்கத்தில் நின்று அவருடைய ஒரு வழக்கைப் பேசுகின்றார்.

அவரால் இயலாதனவும் உள. அவர் தீர்ப்பளிப்பதில்லை. வரப்புத் தகராறையோ பாகப்பிரிவினையையோ அவர் தீர்க்க மாட்டார். மருமகளை வீட்டைவிட்டு வெளியேற்றித் தருமாறு அவரிடம் கேட்பதும் எளிதன்று. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் பெண்ணுக்குள்ள குடியிருப்பு உரிமையை இச்சட்டத்தைக் கொண்டு பறித்தல் ஆகாது என்று உச்சநீதிமன்றம் 2020 டிசம்பரில் கூறியிருக்கின்றது. மகனுக்கு உண்மையிலேயே வருவாய் இல்லையெனில், இல்லாததை வாங்கித் தரவும் அவரால் இயலாது. தறி நின்ற வீட்டில் தந்தையும் மகனும் ஒருங்கே வாடுகின்ற நிலையையும் நாம் கண்டதுண்டு. அங்கு வேண்டுவது வழக்கு அன்று. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதே தக்கது.

சங்கங்கள் செய்யத்தக்கது

முதியவர் ஒருவரின் தறி நின்றுபோனதை முதன்முதல் அறிவது சங்கமே. பாவு வாங்க அவர் வருவதில்லை; கூலிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. விவசாயியாயின், பட்டா மகன் பெயருக்கு மாறியதை முதலில் காண்பது கடன் சங்கத்து எழுத்தரே. ஆனால் அதன் பின் அவர் எவ்வாறு வாழ்கின்றார் என்று வினவும் வழக்கம் நம் சங்கங்களில் இல்லை. இதனை நாம் மாற்றிக்கொள்ளுதல் வேண்டும்.

நான்கு காரியங்களைச் சங்கங்கள் பெரும் செலவின்றிச் செய்யலாம். மாவட்டச் சமூக நல அலுவலகம், கோட்டாட்சியர் அலுவலகம் ஆகியவற்றின் முகவரிகளையும், 2021 முதல் முதியோருக்கென இயங்கும் 14567 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். எழுத்தறியாத முதிய அங்கத்தினருக்குச் செயலாளரோ வேறு அங்கத்தினரோ மனு எழுதிக் கொடுக்கலாம். ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி 18, 23 ஆம் பிரிவுகளைப் படித்து விளக்கலாம். வேலையிலிருந்து ஓய்ந்த அங்கத்தினர்களின் பெயர்களைத் தனியே குறித்து, மூன்று மாதத்திற்கு ஒருமுறை நிர்வாகக் குழுவினர் ஒருவர் நேரிற் சென்று விசாரிக்கலாம்.

முதற் கேள்வி

இனி அம்முதியவர் கேட்ட முதற் கேள்விக்கு வருவோம். பெற்ற பிள்ளைமேல் பிராது கொடுப்பதா? இத்தயக்கத்தை நாம் இகழவில்லை. அது பெற்ற மனத்தின் இயல்பு. ஆனால் இச்சட்டம் பிள்ளையைத் தண்டிப்பதில் தொடங்கவில்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னோம். முதலில் சமரசம், அது இயலாதபோதே ஆணை, ஆணையை மீறினால் மட்டுமே தண்டனை. வீட்டிற்குள் பேச முடியாத ஒன்றை, மூன்றாம் மனிதர் ஒருவர் முன்னிலையில் பேசுவதற்கு இடமளிக்கின்றது, அவ்வளவே.

அன்று அவர் எதுவும் கூறாமற் சென்றுவிட்டார். பங்குத் தொகையைப் பற்றியும் மறுபடி கேட்கவில்லை. சில மாதங்கள் கழித்து அச்சங்கத்திற்கு மீண்டும் சென்றபோது, செயலாளர் அவருக்கு மனு எழுதிக் கொடுத்த செய்தியைத் தெரிவித்தார். அவருடைய பத்திரத்தில் நிபந்தனை ஏதும் இல்லை. அதனை ரத்துச் செய்யவும் அவர் விரும்பவில்லை. பராமரிப்பு மட்டுமே கேட்டார். சமரசப் பேச்சிலேயே முடிவு கண்டது. தறிக்கூடத்தை ஒட்டிய அறை அவருக்குக் கிடைத்தது. மருந்துச் செலவை மாதந்தோறும் முதல் வாரத்தில் கொடுப்பதாக மகன் எழுதிக் கொடுத்தார். தந்தையும் மகனும் முன்போல் பேசிக்கொள்கின்றார்களா என்று கேட்டோம். "இன்னும் இல்லை, ஆனால் மருந்தை மகனே வாங்கிவந்து வைத்துவிட்டுப் போகிறார்" என்றார் செயலாளர்.

சட்டத்தாலும் அலுவலராலும் அன்பை உண்டாக்க முடியாது. ஒரு முதியவர் பசியின்றி, மழையில் நனையாமல், மருந்தோடு இருப்பதற்கு அவை வழி செய்யக்கூடும். அவ்வழி திறந்திருக்கின்றது என்று அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம். இதனைப் படிக்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரும், தம் தெருவில் தறி நின்றுபோன ஒரு முதியவரிடமேனும் இச்செய்தியைக் கொண்டு சேர்ப்பாராயின், இக்கட்டுரை எழுதிய பயன் நிறைவேறியதாகக் கொள்வோம்.